துள்ளும் பந்து ஏன் கடைசியில் வர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கே செயற்கை நுண்ணறிவைக் கற்பித்துவிட வேண்டும் என்று வலியுறுத்தும் கட்டுரைகள் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால், மாடிக்குப் போகும் அவசரத்தில் முதற்படி பெயர்ந்து கிடப்பதை எவரும் குனிந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. நான் முதற்படி என்று சொல்வது, ஒரு மாணவர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கணினி நிரல் (புரோகிராம்) எழுதக் கற்றுக்கொள்ளும் அந்த நான்கைந்து மாதங்களை. ஈரோடு மாவட்டத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 22 ஆண்டுகளாக முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நிரலாக்கம் நடத்திவருகிறேன். அந்த மாதங்களை நாம் எப்படி வீணாக்குகிறோம் என்பதையும், எண்களுக்குப் பதில் படங்களைக் கொண்டு பாடத்தைத் தொடங்கினால் வகுப்பறையில் என்ன மாறுகிறது என்பதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்குப் பதினோராம் வகுப்பில் சி++ என்ற நிரல் மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் வைக்கப்பட்டுள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பொறியியலில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் பருவத்திலேயே பைத்தான் வந்துவிட்டது. மொழிகளைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை பயிற்சிகளைப் பற்றியது. கொடுத்த எண் பகா எண்ணா, ஃபிபனாச்சி தொடரின் முதல் பத்து எண்கள் யாவை, ஒரு சொல்லைத் திருப்பி வாசித்தாலும் அதே சொல் வருமா என்பனவே ரெக்கார்டு நோட்டை நிரப்புகின்றன. இவற்றுள் மிகப் புகழ்பெற்றது ஆம்ஸ்ட்ராங் எண். 153 என்ற எண்ணின் இலக்கங்களை மும்மடியாக்கிக் கூட்டினால் 1 + 125 + 27 என மீண்டும் 153 கிடைக்கும். அத்தகைய எண்ணைக் கண்டுபிடிக்க நிரல் எழுத வேண்டும். கண்டுபிடித்து என்ன செய்வது என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்முறைத் தேர்வில் இந்தக் கேள்வி ஒரு மாணவனுக்குச் சீட்டில் விழுந்தது. மனப்பாடம் செய்திருந்த நிரலைத் தட்டினான், 153 என்று கொடுத்தான், 'ஆம்' என்று வந்தது, புறத்தேர்வாளர் முழு மதிப்பெண் போட்டார், நானும் கையொப்பம் இட்டேன். மாலையில் தாள்களை அடுக்கும்போது அந்த நிரலை மறுபடி வாசித்தேன். கூட்டிய தொகையை மூல எண்ணோடு ஒப்பிட வேண்டிய வரியில் அவன் தொகையைத் தொகையோடே ஒப்பிட்டிருந்தான். 7 கொடுத்தாலும் ஆம், 10 கொடுத்தாலும் ஆம், வாசலில் நிற்கும் பேருந்தின் எண்ணைக் கொடுத்தாலும் ஆம். அவன் ஏமாற்றவில்லை. தன் நிரல் தவறானது என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. திரையில் வந்த ஒரு சொல் சரியாக இருந்தது, அவ்வளவுதான். கவனமாகப் பார்க்க வேண்டிய இரண்டு ஆசிரியர்களுக்கே தெரியவில்லை என்றால் பதினெட்டு வயதுப் பையனைக் குறை சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? அன்றிரவே நான் பயிற்சிப் பட்டியலை மாற்றத் தொடங்கினேன்.

கணினிக்கு ஒரு படம் என்பது எண்கள் நிறைந்த கட்டங்களின் வரிசைகள் மட்டுமே. ஒவ்வொரு கட்டத்தையும் பிக்சல் என்கிறோம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைச் சொல்லும் மூன்று எண்கள் உள்ளன; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். பக்கத்துக்கு 200 பிக்சல் கொண்ட சிறு சதுரப் படத்தில் 40,000 பிக்சல்கள், அதாவது 1,20,000 எண்கள். இவ்வளவு எண்களைக் கையால் மாற்ற முடியாது என்பது பார்த்தவுடனே விளங்குவதால், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மடக்கு (லூப்) எதற்கு என்று விளக்கவே வேண்டியதில்லை. முதல் பயிற்சியாக, ஒவ்வோர் எண்ணையும் 255இலிருந்து கழிக்கச் சொல்கிறேன். படம் பழைய கால ஃபிலிம் நெகட்டிவ் போல மாறிவிடும். இரண்டே வரி மடக்கு. முதல் வாரத்தில் எழுதிய நிரல் கண்ணுக்கு முன்னால் ஒரு பொருளை மாற்றுகிறது என்ற வியப்பு, பகா எண்ணில் ஒருபோதும் கிடைக்காதது.

ஆனால், வியப்புக்காக மட்டும் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. பிழை கண்ணுக்குத் தெரிகிறது என்பதே என் வாதத்தின் அடித்தளம். இரண்டாம் பயிற்சி, ஒரு படத்தை இடம் வலமாகத் திருப்புவது. நான் கொடுப்பது காங்கேயம் காளை ஒன்றின் பக்கவாட்டுப் படம். தலை வலப்புறம், வால் இடப்புறம். மாணவர்கள் இடது ஓரப் பிக்சலில் வலது ஓரப் பிக்சலின் எண்ணைப் போட்டுக்கொண்டே நகர்கிறார்கள். பாதி வரிசை தாண்டியதும் வலப்புறத்தில் போடவேண்டிய பழைய இடப்புற எண்கள் ஏற்கெனவே அழிந்து போயிருக்கும். விளைவாகத் திரையில் இரு பக்கமும் தலையோடு, வாலே இல்லாத ஒரு காளை நிற்கும். வகுப்பு முழுவதும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் யாராவது ஒருவர், பழைய எண்ணை வேறோர் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுவார். இரு மாறிகளின் (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயரிட்ட இடங்களின்) மதிப்பை இடம் மாற்ற மூன்றாவது மாறி தேவை என்று பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் விளக்குவதை இரட்டைத் தலைக் காளை ஒரு நொடியில் விளக்கிவிடுகிறது. அடுத்து வருவது இன்னும் வேடிக்கை: மூன்றாவது மாறியைச் சேர்த்தவர்களில் பாதிப் பேர் வரிசையின் கடைசி வரை மாற்றிக்கொண்டே போவதால், ஒருமுறை மாறியது மறுமுறை பழைய இடத்துக்கே வந்துவிடும், காளை அசையாமல் அப்படியே நிற்கும். 'நிரல் ஓடவேயில்லை மேடம்' என்பார்கள். ஓடியது, இரண்டு முறை ஓடியது என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சில நிமிடம் தேவைப்படுகிறது. நான் வாயைத் திறப்பதில்லை.

வெளிச்சத்தைக் கூட்டும் பயிற்சியில் ஓர் ஆழமான பாடம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வோர் எண்ணுடனும் 100 கூட்டினால் படம் வெளுக்க வேண்டும். எண்களை எட்டு பிட் அளவிலேயே வைத்திருக்கும் நிரலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பை) பயன்படுத்தும்போது, 200 இருந்த இடத்தில் 300க்குப் பதில் 44 வந்து உட்கார்ந்துவிடுகிறது. 255க்கு மேல் இடமில்லாததால், பழைய மோட்டார் சைக்கிளின் கிலோமீட்டர் கணக்கு 99999க்குப் பிறகு சுழியத்திலிருந்து தொடங்குவது போல எண் சுற்றிக்கொண்டு வருகிறது. சென்னிமலைப் படிக்கட்டின் படத்தில் மரநிழல் வெளுத்திருக்க, பளிச்சென்று இருந்த வானம் மட்டும் இருண்டு திட்டுத்திட்டாகிவிடும். தரவு வகை என்ற அத்தியாயத்தை வாசித்துத் தூங்கிப்போன மாணவர்கள் அந்த இருண்ட வானத்தை மறப்பதில்லை.

இனி, இந்த முறை நம் கொங்கு வட்டாரத்துக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். படத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டிய முதல் வகுப்பிலேயே ஒரு மாணவி எழுந்து, "இதைத்தானுங்க மேடம் எங்கப்பா தினமும் கிராஃப் தாள்ல போட்டுட்டு இருக்கறாரு" என்றாள். அவள் தந்தை, துணியிலேயே உருவங்களை நெய்யும் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிராஃப் தாளில் ஒவ்வொரு நெட்டு வரிசையும் ஒரு பாவு இழை, ஒவ்வொரு கிடை வரிசையும் ஓர் ஊடை இழை. நிறம் தீட்டிய கட்டத்தில் பாவு தூக்க வேண்டும், வெற்றுக் கட்டத்தில் தூக்கக் கூடாது. ஒரு கிடை வரிசைக்கு ஓர் அட்டை. தூக்க வேண்டிய இடத்தில் துளை. தந்தை தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மகன் அட்டையில் குத்திக்கொண்டிருந்தான். "மூணு விட்டு ரெண்டு குத்து, அஞ்சு விட்டு ஒண்ணு குத்து" என்று பாட்டுப் போல ஓடியது. நான் திகைத்து நின்றேன். ஒவ்வொரு கட்டமாக 'இல்லை, இல்லை, இல்லை, உண்டு, உண்டு' என்று சொல்லாமல், தொடர்ச்சியாக வருபவற்றை எண்ணிச் சொல்லும் இந்த முறையைத்தான் கணினி அறிவியலில் தரவுச் சுருக்கத்தின் முதல் பாடமாக நடத்துகிறோம். தொலைநகல் இயந்திரங்கள் பக்கங்களைச் சுருக்கி அனுப்பியதும் இதன் அடிப்படையில்தான். அந்த வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. பெயர் தேவைப்படவும் இல்லை.

அடுத்த வாரம் அந்தப் பாட்டையே பயிற்சியாக்கினேன். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வாங்கி, வரிசை வரிசையாக 'விட்டு, குத்து' எண்ணிக்கையாக மாற்றி எழுத வேண்டும். பிறகு அந்த எண்ணிக்கையிலிருந்து படத்தைத் திரும்ப வரைய வேண்டும். மடக்குக்குள் நிபந்தனை, நிபந்தனை மாறும் இடத்தில் எண்ணிக்கையைச் சுழியமாக்குவது, வரிசை முடிவில் எஞ்சியதை மறக்காமல் எழுதுவது எனத் தொடக்க நிலை மாணவர் திணறும் அத்தனையும் அதில் வந்துவிட்டன. கடைசி எண்ணிக்கையை எழுத மறந்தவர்களின் படத்தில் வலது ஓரம் கிழிந்தது போலத் தெரிந்தது. அந்த மாணவியின் தந்தைக்குக் காட்டியிருந்தால், அட்டை எந்த வரிசையில் தப்பு என்று நிரலைப் பார்க்காமலே சொல்லியிருப்பார். இன்று மின்னணு ஜக்கார்டு வந்துவிட்ட இடங்களில் அட்டை இல்லை. பென் டிரைவில் ஒரு கோப்பு போகிறது. அந்தக் கோப்பும் ஒரு படம்தான்.

நிறம் பற்றிய வகுப்பில் நேர்ந்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திரையில் சிவப்பையும் பச்சையையும் முழு அளவில் கலந்தால் மஞ்சள் வரும் என்று சொன்னதும், திருப்பூரில் பகுதி நேரமாகப் பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்யும் மாணவர் ஒருவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அதெப்படிங்க மேடம், செவப்புல பச்சையக் கலந்தா சேறு மாதிரில்ல வரும்?" என்பது அவர் கேள்வி. அவர் சொன்னதும் சரி. சாயம், தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. சாயம் கூடக்கூட விழுங்குவது கூடி நிறம் மங்கும். திரையோ ஒளியைத் தானே உமிழ்கிறது. கூடக்கூட வெளிச்சம் பெருகி வெண்மை வரும். இதை வாயால் சொல்வதைவிட, கைப்பேசித் திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் சிறு துளி தண்ணீரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். துளி உருப்பெருக்கிக் கண்ணாடியாகி, வெண்மைக்குள்ளே சிவப்பும் பச்சையும் நீலமும் புள்ளிகளாக மின்னுவது தெரிந்தது. அதே மாணவர்தான் பிறகு, ஒரு படத்தை மூன்று நிற அடுக்குகளாகப் பிரிக்கும் பயிற்சியை மற்றவர்களுக்கு விளக்கினார்: ஒவ்வொரு கலருக்கும் ஓர் அச்சுச் சட்டம் (ஸ்கிரீன்), மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று நூல் பிசகாமல் உட்கார வேண்டும். ஓர் அடுக்கை மட்டும் ஐந்து பிக்சல் தள்ளி வைத்தால், தவறாக அச்சான பனியனில் தெரிவது போலவே உருவத்தின் ஓரத்தில் நிற நிழல் விழும். அதை வேண்டுமென்றே செய்து பார்த்துச் சிரித்தார்கள்.

கோலத்தை விட்டுவிட்டால் என் மாணவிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். '7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி' என்று பத்திரிகைகளில் மார்கழிக் கோலத்துக்குக் கீழே அச்சிடும் குறிப்பு, அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரு முழு நிரல். நடுவில் 7 புள்ளி. மேலும் கீழும் ஒவ்வொரு வரிசை விலகும்போதும் ஒரு புள்ளி குறைகிறது, தொடக்கம் அரைப் புள்ளி உள்ளே தள்ளுகிறது. 4 வந்ததும் நின்றுவிடுகிறது. மொத்தம் 37 புள்ளிகள். அதையே ஊடுபுள்ளியாக அன்றி நேர்ப்புள்ளியாக 1 வரை வைத்தால் குறைவது இரண்டிரண்டாகி மொத்தம் 25 ஆகிவிடும். மடக்குக்குள் மடக்கு என்ற, முதலாண்டு மாணவர்களை அச்சுறுத்தும் பாடத்தை இதைவிட எளிதாக நடத்தும் வழி எனக்குத் தெரியாது. அந்த வாரம் பெண் பிள்ளைகளே ஆசிரியர்கள்; பையன்கள் ஊடுபுள்ளிக்கும் நேர்ப்புள்ளிக்கும் வேறுபாடு கேட்டுப் பின்னால் அலைந்தார்கள். இது வெறும் பழம்பெருமையும் அன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து 1974ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அது வெளிவந்த பன்னாட்டு ஆய்விதழின் பெயரே 'கணினி வரைகலையும் படச் செயலாக்கமும்' என்று பொருள்படுவது. நம் வாசற்படியிலிருந்து எழுந்து உலக ஆய்விதழுக்குப் போன ஒன்று, ஐம்பது ஆண்டுகளாகியும் நம் பாடப்புத்தகத்துக்குள் நுழையவில்லை.

படங்களைக் கொண்டு நிரலாக்கம் கற்பிப்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1967ஆம் ஆண்டிலேயே சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கினார்கள். முன்னே போ, வலப்புறம் திரும்பு என்று கட்டளையிட்டால் ஓர் 'ஆமை' நகர்ந்து கோடு வரையும். பைத்தானுடன் இன்றும் அந்த ஆமை இலவசமாகவே வருகிறது. 2001ஆம் ஆண்டில் கேசி ரீசும் பென் ஃப்ரையும் ஓவியர்களும் எழுதக்கூடிய பிராசசிங் என்ற மொழியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் எல்லாப் பிரிவு மாணவர்களும் கணினிப் பாடம் படித்தாக வேண்டும் என்று விதித்தபோது, கலை, மேலாண்மைப் பிரிவு மாணவர்கள் அதில் தடுமாறினார்கள். அவர்களுக்காக மார்க் கஸ்டியல் 2003ஆம் ஆண்டில் படத்தையும் ஒலியையும் வைத்தே ஒரு தொடக்கப் பாடத்தை அமைத்தார். உலகின் முதல் எண்ம (டிஜிட்டல்) படம் என்று கருதப்படுவதுகூட ஒரு கைக்குழந்தையின் முகம்தான். 1957ஆம் ஆண்டில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் மகனின் புகைப்படத்தை வருடி (ஸ்கேன் செய்து) கணினிக்குள் ஏற்றினார், பக்கத்துக்கு 176 பிக்சல். என் மாணவர்கள் முதல் வாரத்தில் கையாளும் படம் அதைவிடப் பெரியது.

பருவத்தின் பிற்பகுதியில் பாடம் தானாகவே கடினமாகிக்கொள்கிறது, நான் தள்ளவேண்டியதில்லை. ஒரு மூடிய கோட்டுக்குள் நிறம் நிரப்பச் சொன்னால் தற்சுழற்சி வந்துவிடும்: இந்தப் பிக்சலை நிரப்பு, பின் நான்கு பக்கத்து அண்டைப் பிக்சலுக்கும் இதையே செய். பொம்மை அளவுப் படத்தில் அழகாக நிரம்பும். சற்றே பெரிய படத்தைக் கொடுத்தவுடன் பைத்தான் கை விரித்துவிடும். தன்னைத் தானே அழைத்துக்கொண்டு போவதற்கு அது வழக்கமாக வைத்திருக்கும் எல்லை ஆயிரம் தான். அந்த இடத்தில் நின்று, நிரப்ப வேண்டியவற்றை நாமே ஒரு பட்டியலில் போட்டு வைத்து எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டால், அடுக்கு (ஸ்டாக்) என்ற தரவமைப்பு அவர்கள் கையாலேயே பிறக்கிறது. அதுபோல, 200 பிக்சல் படத்தில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்த நிரல், கைப்பேசியில் எடுத்த 4000க்கு 3000 படத்தில் பல நொடி இழுத்துக்கொண்டு கிடக்கும். அதில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். பக்கம் இரு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும் என்பதை எந்தச் சூத்திரமும் இல்லாமல், காத்திருக்கும் எரிச்சலில் கற்றுக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று பள்ளி ஆசிரியர்கள் கேட்கக்கூடும். பணமே தேவையில்லை. படத்தை வெறும் எழுத்துக் கோப்பாகவே எழுதிவைக்கும் பிபிஎம் (PPM) என்ற எளிய வடிவம் ஒன்று உண்டு. முதல் வரியில் 'பி3' (P3) என்ற அடையாளம், அடுத்து அகலமும் உயரமும், அடுத்து 255, அதன்பின் வரிசையாக எண்கள். அச்சிடும் கட்டளையும் மடக்கும் தெரிந்தால் போதும். எந்த நிரலகத்தையும் நிறுவ வேண்டாம், இணையமும் வேண்டாம், பதினோராம் வகுப்பின் சி++ மொழியிலும் அப்படியே செய்யலாம். லினக்ஸ் கணினியில் நேரடியாகவும் மற்றவற்றில் ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளிலும் அது திறக்கும். எங்கள் ஆய்வகத்தில் பத்து வயது தாண்டிய கணினிகளே பாதிக்கு மேல். அவற்றில்தான் இத்தனையும் நடக்கிறது. பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று பெயரிட்டு எழுதிய நிரலைத் தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைகள் வாசிக்கும் வேகமே வேறு.

இந்த முறையில் குறைகளும் உண்டு. நான் இதைத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவர் வகுப்பில் சேர்ந்தார். பிழை கண்ணுக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, முதல் நாளே அவர் முன் நிற்க வெட்கமாகிவிட்டது. கஸ்டியலின் பாடத்தில் ஒலியும் இருப்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி என்பது நொடிக்கு 44,100 எண்கள் கொண்ட ஒரு நீண்ட வரிசை. எண்களைப் பெருக்கினால் சத்தம் கூடும், வரிசையைத் திருப்பினால் பேச்சு தலைகீழாக ஒலிக்கும், எல்லை மீறினால் கரகரக்கும். படத்துக்கு எழுதிய அதே மடக்குகள்தாம். அவர் தம் அப்பாருவின் (தாத்தாவின்) குரலைப் பதிவு செய்து வந்து பயிற்சிகளை முடித்தார். இரட்டைத் தலைக் காளைக்கு ஈடாக, பாதி வரை ஓடி மீண்டும் பின்னோக்கி வரும் ஒரு குரலை அவரும் உண்டாக்கினார். ஆனாலும், அவருக்கான பயிற்சித் தாள்களை நான் முன்கூட்டியே ஆயத்தம் செய்திருக்கவில்லை என்பதும், முதல் இரண்டு வாரம் அவருக்கு வீணானதும் உண்மை. இந்த முறையைப் பின்பற்ற நினைப்பவர்கள் ஒலிப் பயிற்சிகளையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தவறும் என்னுடையதே. மாணவர்களை அவரவர் விரும்பிய படத்தைக் கொண்டுவரச் சொன்னேன். ஒருவன் உடன் படிக்கும் பெண்ணின் படத்தை அவள் அனுமதியில்லாமல் எடுத்து வந்து கோணலாக்கி, கைப்பேசிக் குழுவில் அனுப்பிவிட்டான். அந்தப் பெண் ஒரு வாரம் கல்லூரிக்கு வரவில்லை. அன்றிலிருந்து என் ஆய்வகத்தில் மனித முகத்துக்கு அனுமதியில்லை. இலை, ஜமக்காளத்தின் கரை, தேங்காய்க் களம், முட்டை அடுக்கிய அட்டை ஆகியவை போதும். முப்பது முட்டை கொள்ளும் அட்டையில் எத்தனை குழி காலி என்று எண்ணச் சொல்லும் நிரல், முகத்தைக் கோணலாக்கும் நிரலைவிட எவ்வளவோ சுவையானது. பின்னலாடையில் ஊசி உடைந்ததால் நெடுக விழுந்த கோட்டைத் தேடும் நிரலை ஒரு மாணவி தானாகவே எழுதினாள். நெட்டு வரிசை ஒவ்வொன்றின் சராசரி வெளிச்சத்தையும் கணக்கிட்டு, அக்கம்பக்கத்திலிருந்து விலகி நிற்பதைக் காட்டிவிட்டாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

படம் காட்டிப் பிள்ளைகளை மயக்குகிறீர்கள், அடிப்படை எங்கே போயிற்று என்று மூத்த பேராசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. படத்தை ஒரே சொடுக்கில் மாற்றிவிடும் ஆயத்தமான வடிகட்டிகளை (ஃபில்டர்) சொடுக்கிப் பார்ப்பதே பாடம் என்றால் அந்தக் குற்றச்சாட்டு நியாயம். நான் சொல்வது அதுவன்று. என் வகுப்பில் முதல் மூன்று மாதம் எந்த ஆயத்த வடிகட்டியையும் தொட அனுமதியில்லை. ஒவ்வோர் எண்ணையும் மாணவர் எழுதிய மடக்கே தொட்டாக வேண்டும். ஒரு வண்ணப் படத்தைச் சாம்பல் நிறமாக்கும்போது மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் போதுமே என்பார்கள். செய்து பார்த்தால் பச்சை வயல் தேவைக்கு மேல் இருண்டிருக்கும். நம் கண்ணுக்குப் பச்சை ஒளியே மிகுந்த வெளிச்சமாகத் தெரிவதால் பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114 என்று பங்கு கொடுக்கும் வழக்கம் தொலைக்காட்சித் துறையிலிருந்து வந்தது என்று அப்போது சொல்கிறேன். இதில் அடிப்படை எங்கே குறைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் எண்ணில் இருக்கும் அடிப்படை என்ன என்பதும் எனக்கு இதுவரை விளங்கவில்லை.

உண்மையான தடை தேர்வு முறையில்தான் இருக்கிறது. எதிர்பார்க்கும் வெளியீடு ஒற்றைச் சொல்லாக இருந்தால் புறத்தேர்வாளருக்கு வேலை எளிது. நாற்பது படங்களைத் திரையில் பார்த்து மதிப்பெண் போடுவது எளிதன்று. ஆனால், வழி இல்லாமலும் இல்லை. வாலில்லாக் காளையின் படத்தை வினாத்தாளில் அச்சிட்டு, இந்த வெளியீட்டைக் கொடுத்த நிரலில் பிழை எந்த வரியில் இருக்கும் என்று கேட்கலாம். மனப்பாடம் செய்து இதற்கு விடை எழுத முடியாது. கல்லூரி உள்மதிப்பீட்டில் இத்தகைய வினாக்களை நான் கேட்டுவருகிறேன். அப்படிக் கேட்ட முதல் ஆண்டில் மாணவர்கள் கோபித்துக்கொண்டார்கள், இப்போது பழகிவிட்டது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி அமைந்த பைத்தான் ஆய்வகப் பட்டியலைப் பார்த்தேன். அங்கும் படம் அறவே இல்லாமல் போய்விடவில்லை. விளையாட்டுகளை உருவாக்க உதவும் பைகேம் நிரலகத்தைக் கொண்டு துள்ளும் பந்தையோ கார் பந்தயத்தையோ உருவாக்கும் பயிற்சி இருக்கிறது, பட்டியலின் கடைசியில். பருவம் முடியும் நேரத்தில், ரெக்கார்டு நோட்டுக்குக் கையொப்பம் வாங்க வரிசையில் நிற்கும் வாரத்தில் அது வருகிறது. பல இடங்களில் அந்தப் பயிற்சி, முன்னாண்டு மாணவரின் கோப்பிலிருந்து அப்படியே நகலெடுக்கப்படுகிறது என்பதை ஆசிரியர்கள் எல்லாரும் அறிவோம். புதிய பாடநூல் வேண்டாம், புதிய ஆய்வகம் வேண்டாம்; இருக்கும் பட்டியலில் அந்தக் கடைசிப் பயிற்சியையும் அதன் இனத்தைச் சேர்ந்த நான்கைந்தையும் தூக்கி முதல் மாதத்தில் வைத்தால் போதும் என்பதே பாடத்திட்டக் குழுக்களிடமும் பள்ளிக் கல்வித் துறையிடமும் என் வேண்டுகோள். பதினோராம் வகுப்புக்கு இதைவிடச் சிறிய மாற்றம் போதும்: மடக்கு பாடத்தின் பயிற்சிப் பகுதியில் ஒரே ஒரு பிபிஎம் படம்.

என்னிடம் உள்ள பயிற்சித் தாள்கள் 26. எல்லாம் தமிழில் எழுதியவை, ஒலிக்கான ஏழும் அதில் அடக்கம். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் எந்த அரசுப் பள்ளி ஆசிரியர் கேட்டாலும் கொடுக்கிறேன். அழைத்தால் சனிக்கிழமைகளில் நேரில் வந்து ஒரு வகுப்பு நடத்திக் காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். காளைப் படத்தை நானே கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை ஒருவர்,
சென்னிமலை.